ஒன்பதாம் மாடியில் வெளிச்சம் – உக்ரைன் பயணம், பகுதி 4

உக்ரைன் மொழியில் ‘ஸ்வித்லோ’ என்றால் வெளிச்சம். மின்சாரத்துக்கும் அன்றாடப் பேச்சில் அதே சொல்தான். “ஸ்வித்லோ யே?” – வெளிச்சம் இருக்கிறதா? கீவுக்கு வந்த நான்கு நாளில் நான் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியம் இது. மாடிப்படியில் எதிர்ப்படுபவர் கேட்கிறார். ரொட்டிக் கடைப் பெண் கேட்கிறாள். தொலைபேசியில் நலம் விசாரிப்பதற்கும் முன்னால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

நான் தங்கியிருப்பது நீப்ரோ ஆற்றின் இடது கரையில், சோவியத் காலத்து அடுக்ககம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில். இது 2024 டிசம்பர். மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. முதல் நாளே கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். நகரத்தை வரிசைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் மின்வெட்டு நேரம் வேறு. எங்கள் கட்டடம் மூன்றாம் வரிசை. “வெட்டு நேரத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லிஃப்ட்டில் ஏறாதீர்கள்” என்றார், மகள் மொழிபெயர்க்க. 2022 குளிர்காலத்தில் அந்த லிஃப்ட்டுக்குள் அக்கம்பக்கத்தார் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தார்களாம். தண்ணீர், பிஸ்கட், டார்ச், ஒரு மடக்கு நாற்காலி. உள்ளே மாட்டிக்கொண்டவருக்காக. அந்த நாற்காலி இப்போது என் அறையில் இருக்கிறது. இதை எழுதுவது அதில் உட்கார்ந்துதான்.

அம்மாவின் உறவினர் ஒருவர் உயர் அழுத்தத் துணைமின் நிலையத்தில் பொறியாளர். எந்த நிலையம் என்று நான் கேட்கவில்லை, தெரிந்திருந்தாலும் எழுதமாட்டேன். ஞாயிறு பிற்பகல் தேநீருக்கு வந்தவர், மேசைமீது நான்கு கோப்பைகளை வரிசையாக வைத்து எனக்குப் பாடம் நடத்தினார்.

2022 பிப்ரவரி 24 அதிகாலை, உக்ரைன் தன் மின் வலையை ரஷ்யா, பெலாரஸ் வலையிலிருந்து சோதனைக்காகக் கழற்றியது. மூன்று நாள் தனியாக நின்று பார்ப்பது என்று முன்கூட்டியே வகுத்த திட்டம். சில மணி நேரத்தில் படையெடுப்பு தொடங்கிவிட்டது. திரும்பிப் போய்ச் சேர இடமில்லை. 2023இல் நடக்கவிருந்த ஐரோப்பிய இணைப்பு மார்ச் 16 அன்றே நடந்தது. “அந்த மூன்று வாரம் நாங்கள் ஒரு தீவு” என்றார்.

அக்டோபர் 10இல் மின் கட்டமைப்புமீது பெருந்தாக்குதல்கள் தொடங்கின. நவம்பர் 23 அவர் மறக்காத நாள். வலையில் இணைந்த இயந்திரங்கள் எல்லாம் ஒரே தாளத்தில், நொடிக்கு 50 அலை என்ற கணக்கில் ஓட வேண்டும். வழித்தடங்கள் அறுபட்டுத் தாளம் கலைந்தால், அணு உலைகள் தங்களைக் காத்துக்கொள்ள விலகிவிடும். அன்று ரிவ்னே, ஹ்மெல்னித்ஸ்கி, தெற்கு உக்ரைன் ஆகிய மூன்று நிலையங்களும் விலகின. பக்கத்து நாடான மால்டோவாவிலும் பாதிக்குமேல் இருண்டது. மறுபடி எழுப்புவது எப்படி? அனலுக்கும் அணுவுக்கும் தொடங்கவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். நீர் மின் நிலையத்தில் மதகைத் திறந்தால் சக்கரம் சுழலும். ஒரு கோப்பையை நகர்த்தி இன்னொன்றோடு ஒட்டவைத்தார். சிறு தீவுகளாக உயிர்ப்பித்து, தாளம் பார்த்து, ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் சேர்த்ததும் சரிந்துவிடும். மறுநாளே அணு நிலையங்கள் வலைக்குத் திரும்பத் தொடங்கின.

அவர் குரல் தழுதழுத்தது மின்மாற்றியைப் பற்றிப் பேசும்போதுதான். பெரிய மின்மாற்றி ஒன்று 200 டன்னை நெருங்கும். எண்ணெய் நிறைந்தது, ஒரு துண்டு பட்டால் போதும், எரியும். புதிதாகச் செய்ய ஓராண்டுக்கு மேல் ஆகலாம். இங்கே சோவியத் அளவான 330 கிலோவோல்ட், மேற்கே 400. பக்கத்து நாட்டுக் கிடங்கில் இருப்பதை எடுத்துவந்து மாட்ட முடியாது. அதே 330 இருந்த லிதுவேனியா, தன் மின்மாற்றி ஒன்றைக் கடல்வழியாக ருமேனியாவுக்கு அனுப்பி, அங்கிருந்து இங்கே சேர்த்தது. திருத்தும் வேலையிலும் சைரன் ஒலித்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். அடித்த இடத்தையே மறுபடி அடிப்பது இங்கே வழக்கம். பழுதுபார்க்க வந்தவர்கள் அதில் மாண்டிருக்கிறார்கள். இதைப் போர்த்தந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. கம்பி கட்ட வந்தவனைக் காத்திருந்து கொல்வது கொலை.

இப்போது மின்மாற்றிகளைச் சுற்றி மண்மூட்டைகளும் கான்கிரீட் கூடுகளும் எழுப்பியிருக்கிறார்கள். டிரோன் சிதறல்களை அவை தாங்கும். ஆனால் 2024 வசந்தத்தில் குறி மாறியது. கம்பியை விட்டு, மின்சாரம் பிறக்கும் இடங்களையே அடித்தார்கள். சில மாதங்களில் 9,000 மெகாவாட் போனது. ஐரோப்பாவில் மிகப் பெரிய அணு நிலையமான ஸப்போரிஷியா 2022 மார்ச்சிலேயே கைவிட்டுப் போயிற்று. அது மட்டும் 6,000 மெகாவாட்.

திங்கள்கிழமை பேருந்து பிடித்து உக்ரைன்கா என்ற சிற்றூருக்குப் போனேன். கீவுக்குத் தெற்கே, ஆற்றோரம். அங்கேதான் 1,800 மெகாவாட் த்ரிபில்லியா அனல் மின் நிலையம். ஏப்ரல் 11 அன்று பதினோரு ஏவுகணைகள் வந்தன, ஏழை வீழ்த்தினார்கள், மீதி நான்கைத் தடுக்கக் கையில் ஏவுகணை இல்லை என்று அதிபர் ஸெலன்ஸ்கியே பிறகு சொன்னார். டர்பைன் கூடம் எரிந்தது. படம் எடுக்கத் தடை. நான் கிட்டே போகவுமில்லை. தூரத்து மேட்டிலிருந்து புகைபோக்கிகளை மட்டும் பார்த்தேன்.

பக்கத்து ஊரின் பெயரும் த்ரிபில்லியாதான். தொல்லியல் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விகென்தி ஹ்வோய்கா இந்த வட்டாரத்தில் தோண்டி, சுருள் கோலமிட்ட மட்பாண்டங்களைக் கண்டார். எகிப்தின் பிரமிடுகளுக்கும் மூத்த பண்பாடு. அந்த மக்கள் தலைமுறைகளுக்கு ஒருமுறை தங்கள் வீடுகளைத் தாங்களே எரித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். குளிர்காற்றில் அந்த மேட்டில் நின்றபோது அது மனதைவிட்டு அகலவில்லை. அவர்கள் எரித்தது தங்கள் வீட்டை, தாங்கள் தேர்ந்த நாளில்.

நிலையத்தை அப்படியே திரும்பக் கட்டுவார்களா என்று முந்தைய நாள் பொறியாளரிடம் கேட்டிருந்தேன். “எதற்கு? இன்னொரு பெரிய குறி வைத்துக்கொடுக்கவா?” என்றார். சிறு எரிவாயு இயந்திரங்கள், மருத்துவமனைக் கூரைகளில் சூரியத் தகடுகள், டிசம்பர் 1 முதல் 2,100 மெகாவாட்டாக உயர்ந்த ஐரோப்பிய இறக்குமதி, வேறு நாடுகள் மூடிவிட்ட அனல் நிலையங்களிலிருந்து கழற்றிய பாகங்கள். ஒட்டுப்போட்ட போர்வை மாதிரிதான் என்றார். எனக்கு அது குறையாகப் படவில்லை.

நேற்றிரவு மூன்று மணிக்குத் தடதடவென்ற ஓசையில் விழித்தேன். சைரனோ என்று பதறி எழுந்தால், சமையலறையில் விளக்கெரிகிறது. அம்மா துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டு, அடுப்பில் பீட்ரூட் சூப்பைக் கொதிக்கவைத்து, இஸ்திரியும் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வரிசைக்கு ஐந்து மணிவரை நேரம். என் சட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். காலை ரயிலில் நான் ரிவ்னே போகிறேன் என்பது அவருக்கு நினைவிருந்தது.

(தொடரும்)