பைக்குள் மறைந்த வேர்





ஒரகடம் சாலையில் செல்வோரின் கண்ணில் முதலில் படுபவை தொழிற்சாலை மதில்களும் கண்டெய்னர் லாரிகளும்தாம். அவற்றுக்குப் பின்னால் ஏரிகள் உள்ளன. கரைகளில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இத்தகைய அயல் தாவரங்களை அகற்றி நம் மண்ணின் மரங்களை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு ஒரு கொள்கையை வெளியிட்டது. பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. தொழிற்சாலைகளும் தம் சமூகப் பொறுப்பு நிதியில் மரக்கன்றுகளை நடுகின்றன. இந்தத் தேவையை நம்பி என் தம்பி குத்தகை நிலத்தில் நாட்டு மரங்களுக்கான நாற்றங்கால் ஒன்றைத் தொடங்கினார். என் சிறு சேமிப்பும் அதில் பங்கு.

இது பொறுமையைக் கோரும் தொழில். இலுப்பை விதையைப் பழம் உதிர்ந்ததும் விரைவாக விதைக்காவிட்டால் அது முளைக்கும் திறனை இழந்துவிடும். காயா, வீரை போன்ற உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் மிக மெதுவாகவே வளரும். ஆரோவில்லின் செம்மண் தரிசில் இக்காட்டை மீட்டவர்கள் பல பத்தாண்டுகள் விதை சேகரித்தும் கன்று வளர்த்தும்தான் அதனைச் சாதித்தார்கள். சென்னை அடையாற்றில் 58 ஏக்கரில் அமைந்து 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவின் பின்னணியிலும் அவர்களது அனுபவம் இருக்கிறது.

எங்களிடம் ஓர் ஒப்பந்தக்காரர், ஏரிக்கரை ஒன்றுக்காக 600 கன்றுகள் கேட்டிருந்தார். ஏதோ காரணத்தால் அவ்வாண்டு வேலை நடக்கவில்லை. கன்றுகள் மேலும் ஓராண்டு பைகளிலேயே நின்றன. மறு ஐப்பசியில் அவர் லாரி அனுப்புவதாகச் சொன்னார். தம்பி ஒரு பையைக் கிழித்துக் காட்டினார். ஆணிவேர் பையின் அடியைத் தொட்டு, வழியின்றி வளையமாகச் சுருண்டிருந்தது. அப்படியே நட்டால் அச்சுருள் மண்ணிலும் நேராகாது. மரம் பருக்கும்போது தன் வேரே தன்னை நெரிக்கும். பிடிப்பில்லாத மரம் ஒரு புயலில் சாய்ந்துவிடும்.

“அண்ணே, இலையைப் பார்த்தால் எதுவும் தெரியாது. என்ன செய்யலாம்?” என்றார்.

நான் சொன்ன பதிலை எழுத வெட்கப்படுகிறேன். “அவர் கேட்டது கன்று, கன்றைத்தானே கொடுக்கிறோம்” என்றேன்.

அன்று மஃரிபுக்குப் பின் மதரஸாவில் வியாபார ஒழுக்கம் பற்றிய பாடம். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டதையும், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்ததையும் ஆண்டுதோறும் சொல்லிக் கொடுப்பவன் நான். அன்று பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க இயலவில்லை. ஈரம் என் குவியலின் அடியிலேயே இருந்தது.

இரவே தம்பியிடம் போனேன். மறுநாள் ஒப்பந்தக்காரரை வரவழைத்து, பைகளைக் கிழித்துக் காட்டினோம். சுருளை வெட்டிச் சீராக்கத்தக்க கன்றுகளைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 200 கன்றுகளைக் கழித்துவிட்டோம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி அதோடு போயிற்று. அவர் இன்னும் அடுத்த ஆர்டர் தரவில்லை.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற ஹதீஸை நாம் அடிக்கடி கூறுகிறோம். அதைச் சொல்லிக் கன்று விற்பவருக்கு, அந்த மரம் பிழைக்கத்தக்கதா என்ற கேள்வியும் உண்டு. பணம் தருபவர் குறை இருந்தால் திரும்பி வந்து கேட்பார். பத்தாண்டு கழித்து அந்தக் கிளையில் அமர வேண்டிய பறவை யாரிடம் போய்க் கேட்கும்? அதன் உரிமையை மறுமையில் அல்லாஹ் கேட்பான் என்று அஞ்சுகிறேன்.

பள்ளிவாசலுக்கோ வீட்டுக்கோ கன்று வாங்கும்போது அதன் பெயரையும், எத்தனை மாதம் பையில் இருந்தது என்பதையும் கேளுங்கள். ஒரு பையையாவது பிரித்து வேரைப் பாருங்கள். விற்பவர்களாக இருந்தால், கேட்கும் முன்பே காட்டுங்கள்.

மறைவானவற்றையெல்லாம் அறியும் வல்ல ரஹ்மான், நம் வியாபாரத்தில் உண்மையையும் அதன் வழியே பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.