தவளைக்குத் தாலியா?

மழை பொய்த்தால் மக்கள் மனம் வாடுகிறது. வாடிய மனத்தை மடமை வளைத்துப் பிடிக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் தவளைக்குத் திருமணம் நடக்கக் காண்கிறோம். ஆண் தவளைக்கு மாலை, பெண் தவளைக்குத் தாலி, மந்திரம் ஓத ஒருவர், மேளம் கொட்ட இருவர்! மணமக்கள் மகிழ்ந்து கத்துவார்களாம். கத்தல் கேட்டு வருணன் கண் திறப்பானாம்!

மனிதருக்கு மணம் பேசும்போது குலம் என்ன, குடி என்ன என்று ஏழு தலைமுறையைத் துருவுகிறவர்கள், இந்த மணமகனின் குலத்தை விசாரித்தார்களா? இல்லை. அறிவியல் விசாரித்தது. அது கண்ட சேதியைக் கேளுங்கள், தோழர்களே!

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊதாத் தவளை என்றொரு உயிர் வாழ்கிறது. உப்பிய உடல், கூரிய மூக்கு, ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழ்க்கை. மழைக்காலத் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் வெளியே வந்து, ஓடையில் முட்டையிட்டு, மீண்டும் மண்ணுக்குள் மறைந்துவிடும். ஆண்டுக்கொருமுறை வருவதால் கேரள மக்கள் இதனை மாவேலித் தவளை என்கிறார்கள். வாமனன் வஞ்சகமாகப் பாதாளத்துக்கு அனுப்பிய மாவலியின் பெயர், எவ்வளவு பொருத்தமாக வாய்த்திருக்கிறது!

கல்லுக்குள் தேரைக்கும் கடவுள் படியளக்கிறான் என்பார்கள். இந்தத் தவளைக்குப் படியளந்தவர் எவருமில்லை. மண்ணைத் தோண்டும் பின்னங்கால்கள், கரையானைப் பற்றும் நாக்கு, வெள்ளம் பாயும் ஓடையிலும் பாறையைக் கவ்வி நிற்கும் தலைப்பிரட்டையின் வாய், இவையே அதன் சொத்து. கோடிக்கணக்கான ஆண்டுகளின் படிமலர்ச்சி தந்த சொத்து!

2003-ஆம் ஆண்டு, பிஜு, பொசூயிட் எனும் இரு ஆய்வாளர்கள் இதனைப் புதிய இனமென ‘நேச்சர்’ இதழில் உலகுக்கு அறிவித்தனர். அவர்கள் அதன் தோற்றத்தை மட்டும் பார்த்து நின்றுவிடவில்லை. உயிரணுவுக்குள் இருக்கும் மரபுப் பொருளையும் படித்தார்கள். நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட ஏடு அது. தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து மாறுகிறது. மாற்றம் குறைவெனில் உறவு நெருக்கம். மிகுதியெனில் பிரிவு பழமை. அப்படிப் படித்தபோது, ஊதாத் தவளையின் நெருங்கிய சுற்றம் பக்கத்துக் காட்டில் இல்லை. கடல் கடந்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், செசெல்சுத் தீவுகளில் இருந்தது!

உப்பு நீரில் உயிர் வாழாத தவளை, கடலை நீந்தியா கடந்தது? இல்லை. நிலம் பிரிந்தது! இந்திய நிலமும் செசெல்சும் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விலகின. உலகறியாதவனைக் கிணற்றுத் தவளை என்று ஏசுகிறோமே, அந்தத் தவளையினம் கண்டங்களின் வரலாற்றையே உடலில் சுமந்து நிற்கிறது!

2017-இல் இன்னொரு சேதி வந்தது. திருவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் இரண்டாவது ஊதாத் தவளை இனத்தை ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அறிவித்தனர். கோவையில் பணியாற்றி, 2014-இல் அகத்தியமலையில் கள ஆய்வின்போது உயிர் நீத்த சுப்பிரமணியம் பூபதியின் பெயரை அதற்குச் சூட்டினர். மலையின் மேற்குப் பக்கத்துத் தவளை தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இனம் பெருக்க, கிழக்குச் சரிவில் வாழும் இது வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருக்கிறது. மழையின் முறைக்குத் தவளை தன் வாழ்வை அமைத்துக்கொண்டது. தவளையின் மணத்துக்காக மழை தன் முறையை மாற்றிக்கொள்ளவில்லை!

அதே வடகிழக்கு மழையை நம்பிக் கிடப்பவை நம் புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய்கள். இதையெல்லாம் குளத்தூர்ப் படிப்பகத்தில் நாம் ஒருநாள் எடுத்துரைத்தபோது, வயலிலே வாழ்நாளைக் கழித்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “தம்பிகளா, நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். கல்யாணம் வேண்டாமென்றால், வேறு என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?” என்றார்.

அவர் குரலில் ஏளனம் இல்லை. காய்ந்த பயிரின் வேதனை இருந்தது. அந்த வேதனைக்கு விடை கூறாத பகுத்தறிவு வெறும் பட்டிமன்றப் பேச்சு. “ஐயா, மழையை அழைக்க நம்மால் ஆகாது, வந்த மழையை நிறுத்திவைக்க ஆகும். மேளத்துக்கும் தாலிக்கும் திரட்டும் பணத்தில் வரத்துக்காலைத் தூர்வாரலாம், மடையைச் செப்பனிடலாம். மண்வெட்டியுடன் நாங்கள் வருகிறோம்” என்றோம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எந்தப் பக்கம் தொடங்குவது?” என்று கேட்டார்.

இளைஞர்களே! தவளைக்கும் தவளைக்கும் உள்ள உறவைக் காட்டிய அதே ஏடு, மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள உறவையும் காட்டுகிறது. முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. ஆப்பிரிக்க மண்ணில் தோன்றிய ஒரே குடும்பம் என்றே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஏட்டைப் படியுங்கள். படித்ததை ஊர்ப் பெரியோரிடம் பணிவோடு சொல்லுங்கள். சொல்லும்போது கையில் மண்வெட்டியும் இருக்கட்டும்!