சுங்கச்சாவடிக் கணக்கு



பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான். "சார், அந்த 3000 ரூபாய் ஃபாஸ்டேக் பாஸ் போடலாமா?" ஓய்வுபெற்று இத்தனை வருடம் ஆகியும் கணக்கு வாத்தியாரை நீங்கள் விடுவதாக இல்லை. சந்தோஷம்தான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

இந்த ஆண்டுப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. சொந்தக் கார், ஜீப், வேன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 2025-26-இல் அதன் விலை 3000 ரூபாயாக இருந்தது. கட்டினால் 200 முறை சாவடியைக் கடக்கலாம், அல்லது ஒரு வருடம். எது முதலில் முடிகிறதோ அதோடு சரி. இந்த "அல்லது" என்ற சொல்லைத்தான் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். (பரீட்சையிலும் இதே வேலைதான் செய்தீர்கள்!)

என் மாணவி ஒருத்தி செங்கல்பட்டில் இருக்கிறாள். வேலை தாம்பரத்தில். கணவருக்குப் பக்கவாதம் வந்து, அவரையும் தினம் அங்கேயே பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறாள். மின்சார ரயிலில் ஏற்றி இறக்க முடியாது என்பதால் பழைய கார் ஒன்று வாங்கினாள். ஆகஸ்டில் பாஸ் போட்டாள். "டிசம்பரிலேயே தீர்ந்துபோச்சு சார், ஒரு வருஷம்னு சொன்னாங்களே" என்றாள். "போக ஒன்று, வர ஒன்று. மாதம் 25 நாள். எத்தனை மாதம் வரும், நீயே சொல்லும்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாலு மாசம் சார்" என்றாள்.

அவளுக்காகப் போட்ட கணக்கை உங்களுக்கும் தருகிறேன். காருக்கு ஒரு வழிக் கட்டணம் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர ஒன்றரை மடங்கு, அதாவது 105. மாதம் 2625. வருடத்துக்கு 31,500! ஆண்டுப் பாஸ் என்றால் வருடத்தில் மூன்று வாங்க வேண்டும், 9000. ஆனால் சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களின் சொந்த வண்டிக்கு உள்ளூர் மாதப் பாஸ் என்று ஒன்று இருக்கிறது. 2025-26க்கு மாதம் 350 ரூபாய். எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், அந்த ஒரு சாவடியில் மட்டும். வருடத்துக்கு 4200.

9000-க்கும் 4200-க்கும் வித்தியாசம் 4800. அவள் பிசியோதெரபிக்கு ஒரு தடவைக்கு 400 ரூபாய் கொடுக்கிறாள். பன்னிரண்டு தடவைக்கு ஆயிற்று.

2025-26 கட்டணத்தில், ஆண்டுப் பாஸில் ஒரு முறை கடக்க 15 ரூபாய் ஆனது. 350-ஐ 15-ஆல் வகுத்தால் 23 சொச்சம். ஆகவே ஒரே சாவடியை மாதம் 24 முறைக்கு மேல் கடக்கும் உள்ளூர்க்காரர் மாதப் பாஸ் கேளுங்கள். அதற்குக் குறைவென்றால் ஆண்டுப் பாஸ். மாற்றுச் சாலை இருக்கும் இடத்தில் உள்ளூர்ப் பாஸ் கிடையாது என்றும் விதி உண்டு, அதனால் முதலில் சாவடி அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆர்.சி.யும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். என் மாணவியின் ஆர்.சி.யில் இன்னும் பழைய சொந்தக்காரரின் திண்டிவனம் முகவரியே இருக்கிறது. பெயர் மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு அடிக்கடி வரும் தம்பிகளுக்கு ஆண்டுப் பாஸ்தான் சரி. பரனூரிலிருந்து சமயபுரம் வரை ஆறு சாவடி, 2025-26 கட்டணத்தில் ஒரு வழிக்கு 90 ரூபாயில் முடிந்தது. ஆனால் இது தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டுமே. ஈசிஆரிலும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலும் வழக்கம்போல் ஃபாஸ்டேக்கில் பணம் பிடிப்பார்கள், அவை மாநிலச் சாலைகள். ஓஎம்ஆர்காரர்களுக்குக் கணக்கே தேவையில்லை. நான்கு சாவடிகளில் 2021-லும், நாவலூரில் 2023-லும் வசூலை நிறுத்திவிட்டார்கள்.

"20 கிலோமீட்டர் வரை இலவசம்" என்று நம் குடும்ப வாட்ஸ்அப்பில் மாமா ஒருவர் மாதம் ஒருமுறை அனுப்புகிறார். 2024 செப்டம்பரில் வந்த அந்த விதி செயற்கைக்கோள் கருவி பொருத்திய வண்டிகளுக்கானது. ஃபாஸ்டேக் காரை வைத்துக்கொண்டு சாவடியில் வாதாட வேண்டாம், பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார்.

பாஸை ராஜ்மார்க் யாத்ரா செயலியில் போடுங்கள். இருக்கிற ஃபாஸ்டேக்கே போதும், அதில் வண்டி எண் பதிவாகியிருக்க வேண்டும். கட்டிய பணம் திரும்ப வராது, வேறு வண்டிக்கும் மாற்ற முடியாது. கட்டணங்கள் ஏப்ரலில் மாறும் என்பதால் அப்போதைய தொகையைப் போட்டு வகுத்துப் பாருங்கள்.

வகுக்கச் சோம்பலாக இருந்தால், எந்தச் சாவடி, மாதம் எத்தனை முறை என்று கமெண்டில் எழுதுங்கள், நான் போட்டுத் தருகிறேன். வண்டி எண்ணையும் ஓடிபியையும் மட்டும் எழுதிவிடாதீர்கள்.