சிலிம் ரிவரில் ஒரு மடக்குக் கத்தி

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவுக்கோ பினாங்குக்கோ விரைகிறவர்களுக்கு சிலிம் ரிவர், பச்சைப் பலகையில் வந்து மறையும் ஒரு பெயர். ரயிலில் போவதென்றால் கோலாலம்பூரிலிருந்து வரும் கொமூட்டர் தஞ்சோங் மாலிமோடு நின்றுவிடும். சிலிம் ரிவரில் இறங்க ஈடிஎஸ் பிடிக்க வேண்டும். முன்பு பத்தாங் பாடாங் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 2016இல் முஅல்லிம் தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. சுற்றிலும் செம்பனை, அங்கங்கே எஞ்சிய ரப்பர், இப்போது புதிதாக டுரியான் கன்றுகள், தூரத்தில் நீல நிறத்தில் மலைத்தொடர். பெரிய மால் எதுவும் இல்லை. ஆனால் தோட்ட வேலைக்கு வேண்டிய எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் இரும்புக் கடை இருக்கிறது. நான் தேடிப் போனதும் அந்தக் கடையைத்தான்.

என் அண்ணன் மகனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு சிறு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். உர மூட்டையைப் பிரிக்க வேண்டும், கன்றுகளின் கறுப்பு நெகிழிப் பையைக் கிழிக்க வேண்டும், முட்டுக்கம்போடு சேர்த்துக் கட்டிய ராஃபியா கயிற்றை அறுக்க வேண்டும். "அத்தை, நல்ல மடக்குக் கத்தி ஒண்ணு, விலை அதிகமில்லாம வாங்கணும்" என்றான். அண்ணிக்குப் பிடிக்கவில்லை. "பாக்கெட்டுல கத்தி வெச்சிக்கிட்டு சுத்துனா, நம்ம பிள்ளையை யாரு நல்ல பிள்ளைன்னு சொல்லுவா?" என்று கேட்டார்.

அண்ணியின் பயம் வெறும் பயமில்லை. தமிழ் இளைஞன், மோட்டார் சைக்கிள், பாக்கெட்டில் கத்தி. இந்த மூன்றும் சேர்ந்தால் சாலைத் தடுப்பில் என்ன கேள்வி வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கத்தி இல்லாமல் தோட்ட வேலை ஓடாது என்பதும் உண்மை. அதனால் எந்தக் கத்தி, எதற்கு, எங்கே வைப்பது என்ற மூன்றுக்கும் சேர்த்து விடை தேட வேண்டியிருந்தது.

கத்தியால் வாழ்ந்த ஊர்

சிலிம் ரிவரில் தமிழர் வாழ்க்கை ஒரு கத்தியோடுதான் தொடங்கியது: பால்மரம் சீவும் கத்தி. அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மரம் சீவிய ஒரு தாத்தா இருக்கிறார். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தவர். அவரிடம் கேட்டேன்.

"ஆழமா போனா மரத்துக்குக் காயம்மா. மேலாக்க போனா பால் வராது. நடுவுல ஒரு நூல் அளவு இருக்கு. அதான் வேலை" என்றார்.

அவர் சொன்ன அந்த நூல் அளவுக்கு ஓர் அறிவியல் உண்டு. பால் ஓடும் நாளங்கள் பட்டையின் உள்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. அதைத் தொடாமல், ஒரு முறைக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை மட்டும் சீவி எடுக்க வேண்டும். படலம் வெட்டுப்பட்டால் மரம் முண்டும் முடிச்சுமாகி, மறுமுறை அந்த இடத்தில் சீவ முடியாது. மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் சீவும் இந்த முறையை 1890களில் வகுத்தவர், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி. அந்த முறையை இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான மரங்களில் தினமும் செய்து காட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். விடியலுக்கு முன் மரத்தில் நீரழுத்தம் அதிகம் என்பதால் அப்போது சீவினால்தான் பால் நன்றாக ஓடும்.

மடக்குக் கத்திக்கும் ரப்பர் தோட்டத்தில் இடம் இருந்தது. நாற்றங்காலில் ஒட்டுக் கட்டுகிறவர்களின் கையில் இருந்தது அதுதான். நல்ல பால் தரும் மரத்தின் மொட்டைப் பட்டையோடு எடுத்து, இளங்கன்றின் பட்டைக்குள் செருகிக் கட்டும் முறை 1910களில் ஜாவா, சுமத்ரா பக்கம் உருவாகிப் பின் மலாயாவுக்கும் வந்தது. அந்த ஒட்டுக் கத்தியில் அலகு ஒரு பக்கம் மட்டும் தீட்டப்பட்டிருக்கும். வெட்டு தட்டையாக விழ அதுதான் வசதி. இன்று டுரியான் கன்றுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர்களும் அதே வகைக் கத்தியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இந்த ஊரின் பெயரை உலகப் போர் வரலாற்றில் ஏற்றியதிலும் ஒரு வெட்டு உண்டு. 1942 ஜனவரி 7 விடியலுக்கு முன், ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து சாலை வழியே பாய்ந்து, 11ஆவது இந்தியப் படைப்பிரிவின் காவலைப் பிளந்தன. சிலிம் ஆற்றுப் பாலத்தைத் தகர்க்க வெடி வைத்துக் கம்பியும் இழுத்திருந்தார்கள். ஓர் இளம் ஜப்பானிய அதிகாரி டாங்கியிலிருந்து இறங்கி, தன் வாளால் அந்தக் கம்பியை அறுத்தார் என்று போர் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. பாலம் நின்றது. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது.

ஒரே ஊரில் ஒரு கத்தி குடும்பங்களுக்குச் சோறு போட்டது, இன்னொரு வாள் போரின் போக்கை மாற்றியது. இரும்பு ஒன்றுதான். சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறது.

சட்டம் என்ன கேட்கிறது?

நாளிதழில் அடிக்கடி வரும் சட்டம்தான்: அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதங்கள் சட்டம் 1958. அதன் 6ஆவது பிரிவின்படி, பொது இடத்தில் சட்டபூர்வமான அதிகாரமோ நோக்கமோ இல்லாமல் அபாயகர ஆயுதம் வைத்திருந்தால், 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, அத்தோடு பிரம்படி. காயம் உண்டாக்கக்கூடிய எந்தப் பொருளும் அங்கே ஆயுதம் ஆகலாம். எனவே "சின்னக் கத்திதானே" என்பது பதில் ஆகாது. எதற்காக, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி.

வானொலியில் எல்லாவற்றையும் வினாடிக் கணக்கில் பேசிப் பழகியவள் நான். அதனால் மருமகனிடம் ஒரு சோதனை வைத்தேன். "இது எதுக்கு?" என்று யாராவது கேட்டால் பத்து வினாடியில் உண்மையான பதில் சொல்ல முடியுமா? "தோட்டத்துல உர மூட்டை பிரிக்க" என்றால் முடிந்தது. கூடவே கையுறையும் கிளை நறுக்கும் கத்தரியும் இருந்தால் பதில் தானே தெரியும். இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் அதே கத்தி பாக்கெட்டில் இருந்தால், அதே பதில் செல்லாது. "தற்காப்புக்கு" என்று சொல்வதோ இன்னும் ஆபத்து. அது ஆயுதம்தான் என்று நாமே வாயால் ஒப்புக்கொள்வது போல ஆகிவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

இரும்புக் கடைத் தவுக்கே கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஆறேழு கத்திகளை எடுத்து மேசையில் பரப்பினார். மருமகனின் கை நேராகப் போனது கறுப்பு நிறத்தில், மண்டையோடு பொறித்த ஒன்றுக்கு. அதை முதலில் ஒதுக்கினோம். வேலைக்கு வாங்கும் கத்தி வேலைக் கத்தி மாதிரி இருக்க வேண்டும். மிச்சத்தை இப்படிப் பார்த்தோம்.

முதலில், திறக்கும் விதம். பொத்தானை அழுத்தினால் தானாகப் பாயும் கத்தி நமக்கு வேண்டவே வேண்டாம். நகத்தால் இழுத்து, இரண்டு கையாலும் நிதானமாகத் திறப்பது போதும்.

இரண்டாவது, நீளம். அலகு உள்ளங்கை அகலத்துக்கு, அதாவது ஏழெட்டு சென்டிமீட்டர் இருந்தால் போதும். டுரியானைப் பிளக்கவும் கிளை வெட்டவும் மடக்குக் கத்தி ஆகாது. அதற்கு வேறு கத்தி இருக்கிறது.

மூன்றாவது, பூட்டு. மடக்குக் கத்தியில் விரல் வெட்டுப்படுவது பெரும்பாலும் அலகு எதிர்பாராமல் மடங்கும்போதுதான். அலகைத் திறந்து, விரல்களை மடங்கும் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் லேசாக அழுத்திப் பாருங்கள். பூட்டு நழுவினால் அந்தக் கத்தி வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். நாங்கள் பார்த்ததில் இரண்டு இந்தச் சோதனையிலேயே போயின.

நான்காவது, ஆட்டம். திறந்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டினால் அசையக் கூடாது. மடக்கி வைத்தால் முனை வெளியே துருத்தக் கூடாது. அச்சில் ஆணிக்குப் பதில் திருகு இருந்தால் பிற்பாடு முறுக்கிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, எஃகு. "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒன்றும் சொன்னதாகாது. மலிவான சீனத் தயாரிப்புகளில் 8சிஆர்13எம்ஓவி என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். 8 என்றால் ஏறக்குறைய 0.8 விழுக்காடு கரிமம், 13 என்றால் 13 விழுக்காடு குரோமியம். கரிமம் கூர்மைக்கு, குரோமியம் துரு பிடிக்காமல் இருக்க. நம் விலைக்கு நல்ல எஃகு இது.

பெயர் பெற்ற கத்திகளில் கைக்கு எட்டும் விலையில் இருப்பவை இரண்டு. ஒன்று, சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். எஃகு சற்று மென்மையானது. சீக்கிரம் மழுங்கினாலும் சீக்கிரம் தீட்டிவிடலாம். அதன் சிறிய வகைகள் பலவற்றில் பூட்டு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மற்றொன்று பிரான்சின் ஒப்பினெல், 1890இல் தொடங்கியது. மரக் கைப்பிடி, கழுத்தில் உள்ள உலோக வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். 7ஆம் எண்ணின் அலகு 8 சென்டிமீட்டர். ஆனால் நம் ஊர் ஈரத்தில் அந்த மரம் உப்பி, மழை நாளில் அலகைத் திறக்கவே சிரமமாகும். வாங்கினால் துருப்பிடிக்காத எஃகு வகையை வாங்குங்கள். கரிம எஃகு எலுமிச்சை, மாங்காய்ப் பால் பட்டால் கறுத்து, ஈரத்தில் துருவும் ஏறும்.

பெட்டி பிரிக்கவும் கயிறு அறுக்கவும் மட்டும்தான் என்றால் மடக்குக் கத்தியே தேவையில்லை. மழுங்கிய நுனியை ஒடித்துவிட்டுப் பயன்படுத்தும் கட்டர் போதும். 1956இல் ஜப்பானில் உருவான யோசனை அது. பின்னாளில் ஓல்ஃபா என்ற பெயரில் உலகமெங்கும் போனது. சாக்லெட் கட்டியை ஒடிப்பதைப் பார்த்துப் பிறந்த யோசனை என்பார்கள்.

கடைசியில் மருமகன் எடுத்தது மரநிறக் கைப்பிடியும், முதுகுப் பக்கம் அழுத்தி மடக்கும் பூட்டும் கொண்ட ஒரு சாதாரணக் கத்தி. முப்பத்தெட்டு ரிங்கிட். அதோடு பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு இரு பக்கத் தீட்டுக்கல் ஒன்று. ஐம்பது ரிங்கிட்டில் வேலை முடிந்தது.

கல்லும் பழக்கமும்

தீட்டுக்கல்லை வீண்செலவு என்று நினைக்காதீர்கள். மழுங்கிய கத்தியைத்தான் நாம் பலம் கொடுத்து அழுத்துகிறோம். அது வழுக்கும்போதுதான் கை வெட்டுப்படுகிறது. தாத்தாதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். கல்லை நனைத்து, அலகை ஏறக்குறைய 20 பாகை சாய்த்து, இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில், அவசரமில்லாமல் தீட்ட வேண்டும். கல் இல்லாத நாளில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால், அடியில் பளபளப்பில்லாத வளையம் இருக்கும், அதிலும் தீட்டலாம். வேலை முடிந்ததும் துடைத்துக் காயவைத்து, அச்சில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துவிடும்.

"கத்தியைக் கையில குடுக்காத. கீழ வை, அவங்க எடுத்துக்கட்டும்" என்றும் சொன்னார் தாத்தா. நம் வீடுகளில் எல்லோரும் கேட்ட பேச்சுதான். சகுனம் என்று சிரிக்கிறோம். கை மாறும் நேரத்தில் ஒருவர் விட்டு மற்றவர் பிடிக்கும் முன் நடக்கும் விபத்தைத் தடுக்க இதைவிட எளிய விதி இல்லை.

அண்ணி இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார். கத்தி பாக்கெட்டில் போகாது. தோட்டப் பையில், கையுறையோடு போகும். வேலை முடிந்து வந்தால் பை வீட்டில் இறங்கிய பிறகுதான் மோட்டார் சைக்கிள் பட்டணத்துக்குப் போகும். விமானத்தில் போகிறவர்கள் மூன்றாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது.

உங்கள் வீட்டிலும் வேலைக்குப் போகும் பிள்ளை கத்தி கேட்டால், முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாங்கித் தராவிட்டால் மண்டையோடு போட்ட கத்தியை அவனே இணையத்தில் வாங்கிக்கொள்வான். கூடவே கடைக்குப் போங்கள், "இது எதுக்கு?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். ஊரில் மரம் சீவிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால் தீட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஆயுத பூசையன்று சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்ட கத்தியை, மறுநாள் விடியலில் எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனவர்கள் அவர்கள். கத்தியை எப்போது கையில் எடுப்பது, எப்போது வைத்துவிடுவது என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லித்தர ஆளில்லை.