ஆடிக் காற்றை எதிர்த்து ஒரு நாள்

2018 ஆடி மாதம். எனக்கு வயது 63. ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 2017ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததிலிருந்து, மதுரையிலிருந்து தனியாக சைக்கிளில் போய்வர வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வீட்டம்மா ஒரு நிபந்தனையுடன் அனுப்பினாள்: "நெஞ்சுல லேசா ஏதாச்சும்னாலும் இறங்கிரணும். வீம்பு பண்ணக்கூடாது." தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

போகும்போது காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. கியர் இல்லாத பழைய வண்டிதான். ஆனாலும் முதல் நாளே இராமநாதபுரம் சேர்ந்துவிட்டேன். என் கால் பலம் என்றே நினைத்துக்கொண்டேன். திரும்பும்போதுதான் உண்மை தெரிந்தது. பாம்பன் பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.

நான்காம் நாள் இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 110 கி.மீ. விடியுமுன் கிளம்பி, பரமக்குடியில் இட்லி சாப்பிடும்வரை பயணம் சுகம். பத்து மணிக்கு மேல் மேற்கேயிருந்து காற்று கிளம்பியது. இருபுறமும் சீமைக் கருவேலம், மறைப்புக்கு ஒரு புளியமரம் இல்லை. சாலை விரிவாக்கத்தில் எல்லாம் போய்விட்டன. வைகையோ வெறும் மணல். மிதித்தால் நகரும், விட்டால் நின்றுவிடும்.

பார்த்திபனூர் தாண்டியதும் பின்சக்கரத்தில் கருவேல முள். கையில் இருந்த சொல்யூஷன் காய்ந்து கட்டியாகியிருந்தது. ஒரு மணி நேரம் தள்ளி, ஒரு பெட்டிக்கடை ஓரம் பஞ்சர் ஒட்டுபவரைக் கண்டுபிடித்தேன். என்னைவிட மூத்தவர். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்தபடியே கேட்டார்: "எதுத்த காத்துல ஏண்ணே மல்லுக்கட்டுறீக? பொழுது சாயட்டும். காத்து அடங்கும், அப்பறம் போங்க."

கேட்டிருக்கலாம். இருட்டுமுன் வீடு சேர வேண்டும் என்ற ரோஷம். மானாமதுரையில் ஒரு மோர் குடித்துவிட்டு மறுபடி மிதித்தேன்.

திருப்புவனம் நெருங்கும்போது இடது மார்பில் ஓர் இறுக்கம். வலி என்று சொல்ல முடியாது. கைபேசியில் அவள்தான். "எப்படி இருக்கீங்க?" "நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். வைத்த பிறகு, ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து, யாருக்காக இந்தப் பொய் என்று யோசித்தேன். மதுரைக்கு இன்னும் 20 கி.மீ. முழுசாக ஓட்டினேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

அவளைத் திரும்ப அழைத்து உண்மையைச் சொன்னேன். மதுரைக்குக் காலியாகத் திரும்பிய ஒரு குட்டியானையை நிறுத்தி, சைக்கிளைப் பின்னால் ஏற்றினேன். சிலைமானில் கீழடி போகும் பாதை கடந்துபோனது. போகும்போது அங்கே அகழாய்வுக் குழிகளை எட்டிப் பார்க்க அரை மணி நின்றவன், இப்போது தலையைத் திருப்பவே வெட்கப்பட்டேன்.

வாசலில் வண்டியை இறக்கும்போது திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். சைக்கிளை ஒரு பக்கம் அவளே பிடித்தாள். "திரும்பக் கூப்பிட்டுச் சொன்னீங்களே, அது போதும்" என்றாள். மறுநாள் இ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை.

அந்த 20 கி.மீ. இன்னும் பாக்கியாகத்தான் இருக்கிறது. மார்கழியில் ஓட்டி முடித்துவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். "நானும் பஸ்ல பின்னாடியே வர்றேன்" என்பாள் அவள்.