புள்ளி லில்லியின் பூர்வோத்தரம்

திருவக்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றை வைத்துக்கொண்டுதான் போகிறார்கள்; ஒன்று, சந்திரமௌலீசுவரர் ஆலயத்து வக்ரகாளியம்மனைப் பௌர்ணமியன்று தரிசிப்பது; மற்றொன்று, ஊருக்குக் கிழக்கே, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940-இல் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்த கல்மரங்களைக் காண்பது. நான் இரண்டாவதற்காகப் போனவன். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று மதிக்கப்படும் அந்த விருட்சங்கள், வரியும் கணுவும் மாறாமல் பாஷாணமாகிச் செம்மண்ணில் கிடக்கின்றன. எனினும் அவற்றுக்கு வேருமில்லை, கிளையுமில்லை, இலையுமில்லை. ஆகவே அவை அங்கே முளைத்தவையல்ல, வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தால் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை என்பது நிபுணர்களின் தீர்மானம். கிடக்கும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு என்னும் இந்த எண்ணம் மனத்தில் ஊறிக்கொண்டிருந்த வேளையில்தான், கோயில் பக்கமாகத் திரும்பி வருகையில், ஒரு வீட்டுத் திண்ணையோரத் தொட்டியில் அந்தப் புஷ்பத்தைக் கண்டேன்.

வாள் வடிவ இலைகள் ஒன்றன் அடியை ஒன்று கவ்வி, ஒரே தளத்தில் இருபுறமும் விரிந்திருந்தன. அவற்றினிடையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு எழுந்த தண்டின் நுனியில், ஆரஞ்சு வர்ணத்தில் சமமான ஆறு இதழ்களும், இதழெங்கும் குங்குமச் சிவப்புப் புள்ளிகளுமாக ஒரு பூ. முந்தைய நாள் மலர்ந்த பூவோ, பிழிந்து போட்ட துண்டைப் போல முறுக்கிக்கொண்டு, உதிராமல் அருகிலேயே நின்றது. கீழ்க்கணுவில் ஒரு காய் முற்றி, தோல் மூன்றாக வெடித்துப் பின்னே மடிந்து, கருகருவென்று மின்னும் விதைகளை வெளியே காட்டிக்கொண்டிருந்தது.

“இது என்ன பூங்கம்மா?” என்று வாசலில் இருந்த மூதாட்டியை விசாரித்தேன்.

“புள்ளி லில்லிங்க. எங்க மாமியா திண்டிவனத்துலேர்ந்து கெழங்கு கொண்டாந்து வச்சது. ஒரு நாளுதான் இருக்கும், மறுநா வேற பூக்கும்” என்றார்.

நம் நர்ஸரிகளில் கிழங்கிலிருந்து வருவதெல்லாம் லில்லிதான். ஆனால் அந்த இலையடுக்கு லில்லியின் அடுக்கன்று. காஷ்மீரத்தில் கல்லறைகளின் மேல் நட்டுவைக்கிறார்களே, அந்த ஐரிஸின் அடுக்கு. குளிர்தேசத்துக் குலமென்று நாம் ஒதுக்கிவைத்த ஐரிஸுக்கும், கல்குவாரிப் புழுதியும் சித்திரை வெயிலும் நிறைந்த இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் என் சந்தேகம் புதுச்சேரியின்மேல் சென்றது இயல்பே. பிரெஞ்சு ராஜவம்சத்தின் சின்னமாக விளங்கிய மலர் உண்மையில் ஐரிஸே என்பது பலருடைய கொள்கை. பிரெஞ்சுக்காரர் 1826-இல் அங்கே ஒரு தாவரத் தோட்டத்தை நிறுவினார்கள். தேசதேசாந்தரத்துச் செடிகளை அங்கே வளர்த்துப் பார்த்த பெரொத்தே என்னும் தாவரவியலார் 1870-இல் அந்நகரிலேயே காலமானார். திருவக்கரைக் கல்மரங்களை முதன்முதல் ஏட்டில் ஏற்றியவரும், 1781-இல், சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரரே. இத்தனையும் ஒன்றுகூடும்போது, அந்தத் தோட்டத்திலிருந்து தப்பி வந்த கிழங்கே திண்டிவனத்துக்கும் போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும்.

அதற்கு இடம் கொடாதது ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’. கொச்சியில் டச்சுக் கும்பினியின் அதிகாரியாயிருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் துணைநிற்கத் தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அந்த மகா கிரந்தத்தில், 1692-இல் அச்சான 11-ஆம் பாகத்தில், நம் புள்ளி லில்லி ‘பெலம்கண்ட ஷூலர்மணி’ என்ற மலையாளப் பெயருடன் சித்திரமாக இடம்பெற்றிருக்கிறது. புதுச்சேரித் தோட்டம் உண்டாவதற்கு 134 ஆண்டுகள் முன்பே தென்னாட்டில் நிலைத்துவிட்ட செடிக்குப் பிரெஞ்சுக்காரரைத் தகப்பனாக்குவது நியாயமன்று.

ஆனால் மலையாளமும் அதன் ஜன்மபூமியல்ல. இமயத்தின் சாரல் தொடங்கிச் சீனம், கொரியா, ஜப்பான் வரையில்தான் அது தானாக வளரும் பிரதேசம். சீன வைத்தியத்தில் அதன் கிழங்கு தொண்டை நோய்க்குப் பழைய மருந்து. ஜப்பானில் கியோட்டோ நகரத்து கியோன் திருவிழாவின்போது வீடுகளில் அதை அலங்கரித்து வைப்பார்கள். கொல்லத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் சீனக் கப்பல்கள் வந்துபோன நூற்றாண்டுகளை நினைத்துப் பார்த்தால், அழகுக்காக அல்லாமல் மருந்துப் பெட்டியோடு அது நம் கரையில் இறங்கியது என்பது என் அபிப்பிராயம்.

சாஸ்திரிகள் அதை வைத்துப் பட்ட பாடு தனி. லின்னேயஸ் 1753-இல் ஒரே நூலில் இச்செடியை இரண்டு இடத்தில் எழுதினார். அவற்றில் ஓரிடத்தில் அது ஆர்க்கிட் ஜாதியாகவே ஆகிவிட்டது! அதன்பின் மலையாளப் பெயரையொட்டி ‘பெலம்காண்டா’ என்று தனிக் குலம் வகுத்தார்கள். ஐரிஸில் மூன்று இதழ் நிமிர்ந்து மூன்று இதழ் தாழ்ந்திருக்கும், சூல்தண்டும் இதழாகவே அகன்றிருக்கும். இதில் அவ்விரு லட்சணங்களும் இல்லையே என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவின் கென்டக்கியில் நாரிஸ் என்ற தோட்டப்பிரியர் இதை ஓர் ஐரிஸோடு கலந்து கலப்பினம் எடுத்தது அந்த வாதத்தை அசைத்தது. மரபணுச் சோதனை அதை வீழ்த்தியது. கோல்ட்பிளாட், மாபர்லி என்னும் இருவர் 2005-இல் இதை ஐரிஸ் குலத்திலேயே சேர்த்து ‘ஐரிஸ் டொமெஸ்டிகா’ என்று நாமகரணம் செய்தார்கள்.

எனவே, உறையில் அச்சிட்ட ஊதா நிறத்துக்கு மயங்கி, மலைநாட்டு ஐரிஸ் கிழங்குகளைத் தபாலில் தருவிக்கும் விழுப்புரத்து அன்பர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமே உண்டாகிறது. அவ்வினங்களில் பெரும்பாலானவற்றுக்கு மொட்டு உருவாகக் கடுங்குளிர் சில வாரமாவது வேண்டும். நம் மார்கழியோ இரவில்கூட 20 பாகையைச் சுற்றியே நிற்கிறது. குளிருக்குக் காத்திருக்கும் கிழங்கை அதற்கு முன்பே ஐப்பசி கார்த்திகை அடைமழை அழுக்கிவிடுகிறது.

புள்ளி லில்லிக்கு அந்த வம்பு கிடையாது. ஓரடி வாய் அகலமுள்ள தொட்டியின் துளையை ஓட்டுச் சில்லால் மூடி, செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்பி, கிழங்கை ஓர் அங்குலத்துக்கு மேல் புதையாமல் வைத்து, காலை வெயில் படும்படி விட்டால் போதும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். திருவக்கரை மூதாட்டி ஒரு கிழங்கை மண்ணோடு பிடுங்கி என்னிடம் தந்தபோது, “இப்ப வச்சிக்கோங்க, பரவால்ல, ஆனா மழ புடிச்சிதுன்னா தாவாரத்துல ஏத்திடுங்க, தை பொறந்து எறக்குங்க” என்றார். தோட்டக்கலை நூல்கள் இரண்டு பக்கங்களில் சொல்வதும் இதைத்தான்.

விழுப்புரத்து நர்ஸரிக்காரர் ஒருவரிடம் இச்செடியை விற்பனைக்கு வைத்தாலென்ன என்று கேட்டேன். “பக்கத்து வூட்டுல சும்மா கெடைக்கிறத எவன் சார் காசு குடுத்து வாங்குவான்?” என்று சொல்லிவிட்டு, ஊதாப்பூப் படம் போட்ட உறைகளை எடுத்து என் முன்னே பரப்பினார்.