ஆறு மணித்தியாலக் கணக்கு

பெப்ரவரி 6

ஊர் யோசனை சொல்லி ஓய்ந்துவிட்டது. யாழ். போதனா வைத்தியசாலைக்குக் காய்ச்சலோடு போன 8 வயதுச் சிறுமியின் இடக்கையை 2023 செப்ரெம்பரில் மணிக்கட்டோடு அகற்ற நேர்ந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கொழும்புத்துறைத் தாய் இன்றுதான் பஸ் ஏறி, நகரில் சட்டத்தரணி ஒருவரைப் பார்க்கப் போனாள். முன்னறை முழுக்கக் காணி வழக்குக்காரர். காணிக்குப் பேரன் காலத்து உறுதி இருக்கும். அவளிடம் கிளினிக் கொப்பியும் எக்ஸ்ரே உறையும்தான்.

போன வருடம் மே மாதம் மகன் மாமரத்தால் விழுந்தான். வலக்கை முறிவு. அரச ஆஸ்பத்திரியொன்றில் பிளாஸ்ரர் போட்ட அன்றிரவே விரல் விறைக்குது என்று அழுதான். வீக்கம் இருக்கும்தானே என்றார்கள். விடிந்த பிறகுதான் வெட்டித் திறந்தார்கள். இப்போது அந்த விரல்கள் நிமிர்வதில்லை.

சட்டத்தரணி ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "விறைக்குது எண்டு முதல் எத்தினை மணிக்குச் சொன்னனீங்கள் அம்மா? ஆருக்கு?"

அவளுக்கு மணி நினைவில்லை.

பெப்ரவரி 7

மகனுக்குக் கணக்குப் பரீட்சை. இடக்கையால் எழுதினான்.

பெப்ரவரி 19

மணியில் என்ன இருக்கிறது என்று இன்று சண்டைக்கே போனாள். சட்டத்தரணி பழைய வழக்கொன்றைச் சொன்னார். 1992இல் கொழும்பில் மூளைத்தண்டுக் கட்டியால் ஒரு பெண்குழந்தை இறந்தது. தந்தை றியென்சி அர்சகுலரத்ன, தானே சட்டத்தரணி. கட்டியைக் கண்டுபிடிக்கத் தவறியதாகப் பேராசிரியர் பிரியானி சொய்சா மீது வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டில் அது இரண்டரை இலட்சமானது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் மறுத்தது: கவனக்குறைவு இருந்தாலும், அதனால்தான் குழந்தை இறந்தது என்று நிறுவப்படவில்லை.

மகனின் வழக்கிலும் அதுதான் சிக்கல். ரத்த ஓட்டம் நின்ற தசை ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்கு மேல் மீள்வது கடினம். அதற்குள் பிளாஸ்ரரை வெட்டியிருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று ஒரு நிபுணர் சாட்சிக்கூண்டில் ஏறிச் சொல்லவேண்டும். "இஞ்சை உள்ளவை வரமாட்டினம். கொழும்பிலை கேட்டுப் பாப்பம்."

சட்டத்தரணியே தோற்ற வழக்கு. வரும்போது பஸ்ஸில் அவளுக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

மார்ச் 5

கனடாவிலிருந்து தமையனின் போன். அங்கே வென்றால் மட்டும் பங்கு எடுக்கிற வக்கீல்மார் உண்டாம். இங்கே தவணைக்குத் தவணை காசு.

மார்ச் 21

புரொக்ஸியில் கையொப்பம். தீங்குக்கு நட்டஈடு கேட்க இரண்டு வருடம்தான் தவணை. அதில் பத்து மாதம் போய்விட்டது. வழக்குக்கு ஒரு மாதம் முன்பே சட்டமா அதிபருக்கு அறிவித்தல் போகவேண்டும். வார்ட்டில் குறிப்பெழுதின பெட்ஹெட் ரிக்கற்றின் பிரதிக்கும் விண்ணப்பம் எழுதினார்கள்.

ஏப்ரல் 24

பிரதி வந்தது. இரவு 10.15: வலி, பனடோல். அடுத்த குறிப்பு காலை 5.30. விறைப்பு என்ற பேச்சே இல்லை.

ஏப்ரல் 25

அன்றிரவு வார்ட்டிலிருந்து தங்கச்சிக்குப் போன் எடுத்தது நினைவுக்கு வந்தது. விரல் விறைக்குதாம் என்று சொன்னபோது தங்கச்சி பிட்டு அவித்துக்கொண்டிருந்தாளாம். அவள் வீட்டில் பிட்டு அடுப்பேறுவது ஏழரைக்கு. சட்டத்தரணிக்கு உற்சாகம்: "அதைக் கோட்டிலை வந்து சொல்லுவாவோ?"

தங்கச்சியின் புருசனுக்குச் சுகாதாரத் திணைக்களத்தில் வேலை. அத்தானைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

மே 3

தங்கச்சி போன் எடுக்கவில்லை.